கொல்லனின் தோலும் அடுக்களைத் துணியும்

பெருநாள் காலை. ஆண்களும் பிள்ளைகளும் குளித்துப் புத்தாடை உடுத்தி, அத்தர் பூசித் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். வீட்டில் யாவர்க்கும் புத்தாடை உண்டு. அடுக்களையில் நிற்கும் தாய்க்கும் உண்டு. ஆயினும் அவர் அதை உடுத்தவில்லை. நைந்த பழஞ்சேலை ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பின் முன் நிற்கிறார். நெய்ச்சோறு இறங்கி, ஆணம் கொதித்து, விருந்தினர் உண்டு எழுந்து, தேக்சாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பின்னரே, அஸருக்குப் பிறகு, அவருடைய புதுச்சேலை பெட்டியிலிருந்து வெளிவருகிறது. பெருநாளின் பெரும்பகுதி அப்பொழுது கழிந்துவிட்டிருக்கும்.

சிறு வயதில் நாம் ஆண்டுதோறும் கண்ட காட்சி இது. ஏன் இப்படி என்று அன்று நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "கறை பட்டுவிடும்" என்ற ஒரே விடை கிடைத்திருக்கும். மஞ்சளும் எண்ணெயும் கரியும் யாருடைய பெருநாளையும் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை.

இந்தக் கறையிலிருந்து ஆடையைக் காக்க உலகின் பல பகுதி மக்கள் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. உடையின் முன்புறத்தை மறைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு துண்டுத் துணியே அது. ஆங்கிலத்தில் அதனை ஏப்ரன் என்பர். நாம் இங்கே முன்துணி என்றே அழைப்போம். மன்னர்களின் மகுடங்களையும் வாள்களையும் பற்றி ஏடு ஏடாக எழுதிய வரலாறு, இந்தத் துணியை அடுக்களைக் கொடியிலேயே விட்டுவிட்டது. ஆனால் தேடிப் பார்த்தால், ஒரு பேரரசின் கொடிமரம் வரை அது ஏறியிருப்பதைக் காண்கிறோம்.

கொடியாக எழுந்த தோல்

பிர்தௌஸி 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த ஷாநாமா காவியத்தில் காவே என்னும் கொல்லன் ஒருவன் வருகிறான். கொடுங்கோலன் ஸஹ்ஹாக்கின் தோள்களில் முளைத்த இரண்டு பாம்புகளுக்கு இளைஞர்களின் மூளை நாள்தோறும் இரையாக வேண்டும். அதற்குத் தன் மைந்தரைப் பறிகொடுத்தவன் காவே. எஞ்சிய ஒரு மகனையும் காவலர் பிடித்துச் சென்றபொழுது, அவன் நேரே அரசவைக்குள் நுழைகிறான். மன்னன் நீதிமான் என்று பெரியோர் கையொப்பமிட்டு வைத்திருந்த சான்றுப் பத்திரத்தைக் கிழித்தெறிந்து மகனை மீட்டுக்கொண்டு வெளியேறுகிறான். கடைவீதிக்கு வந்தவன், உலைக்களத்தில் தீப்பொறியைத் தடுக்கத் தான் கட்டியிருந்த தோல் முன்துணியை அவிழ்த்து ஈட்டி முனையில் உயர்த்துகிறான். மக்கள் அதன் பின்னே திரள்கின்றனர். பரீதூன் அந்தத் தோலைப் பட்டாலும் மணிகளாலும் அழகு செய்து அரச கொடியாக்குகிறான்.

இது காவியம், இதனை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் 'திரஃப்ஷே காவியானி' என்ற பெயருடைய கொடி சாசானியப் பேரரசின் போர்க்களங்களில் பறந்ததாகத் தொன்மையான வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் மணிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அடியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கொல்லனின் தோல் கண்ணுக்கே புலப்படாமல் போயிற்று.

636ஆம் ஆண்டளவில் காதிஸிய்யாப் போர் நடந்தது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நடத்திய படையின் முன் பாரசீகத் தளபதி ருஸ்தம் வீழ்ந்தார். அந்தக் கொடியும் கைப்பற்றப்பட்டது. அதனைக் கைப்பற்றிய ளிரார் இப்னுல் கத்தாப் அவர்கள் 30,000 நாணயங்களுக்கு ஈடாக அதனைக் கொடுத்துவிட்டார் என்றும், அதன் உண்மை மதிப்போ அதனினும் பன்மடங்கு என்றும் எழுதியுள்ளனர். மணிகளைக் கழற்றிய பின் எஞ்சியதை எரித்துவிடும்படி கலீபா உமர் (ரலி) அவர்கள் பணித்ததாகவும் ஒரு செய்தி உண்டு.

இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. கொடுமைக்கு எதிராக ஓர் உழைப்பாளி உயர்த்திய தோல், கொடுத்தவனை மறந்த அரண்மனையின் ஆடம்பரப் பொருளாகிவிட்டது. வேலை செய்பவனின் துணிக்கு வரலாறு முழுவதும் நேர்ந்தது இதுவே. அதனைக் கட்டியவரை விட்டுவிட்டுத் துணியை மட்டும் போற்றுவதும், அல்லது துணியைக் காட்டியே கட்டியவரைத் தாழ்த்துவதும் மாறி மாறி நடந்து வந்துள்ளன.

ஒரு சொல்லின் பயணம்

ஏப்ரன் என்ற சொல்லின் கதையும் சுவையானது. துணியைக் குறிக்கும் 'மாப்பா' என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழியில் திரிந்து, 'நேப்ரன்' என்று ஆங்கிலத்திற்கு வந்தது. 'எ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, முன் நின்ற நகர ஒலி முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'ஆன் ஏப்ரன்' என்றாயிற்று. உணவு மேசையில் வாய் துடைக்கும் நாப்கினும், நாடுகளைக் காட்டும் வரைபடமான மேப்பும் அதே இலத்தீன் துணியிலிருந்து கிழித்தெடுத்த சொற்களே. நம் பள்ளிச் சிறுமியர் சீருடையாக அணியும் பினஃபோரும் இதன் உறவுதான். மேற்பகுதியை ஊசியால் உடையின் முன்னே குத்தி நிறுத்திய முன்துணிக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. முன்னே ஊசி குத்தியது என்பதே அதன் பொருள்.

ஐரோப்பியத் தொழிலாளரிடையே முன்துணி தொழிலின் முத்திரையாகவே விளங்கியது. கொல்லனுக்கும் தச்சனுக்கும் தோல், தோட்டக்காரனுக்கு நீலம், கசாப்புக் கடைக்காரனுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகம், வேலை நாளில் தோல் முன்துணியின்றி ஏன் தெருவில் நிற்கிறாய் என்று அதிகாரி ஒருவன் தச்சனை மிரட்டுவதோடுதான் தொடங்குகிறது. உழைப்பவன் தன் அடையாளத்தைக் கட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அதில் காண்கிறோம்.

ஏன் கட்டினார்கள்?

வீட்டுப் பெண்கள் முன்துணி கட்டியதன் காரணம் அழகன்று. துவைப்பதன் துன்பமே காரணம். குளிர் நாட்டில் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இரண்டு மூன்று உடைகள் இருந்தாலே பெரிது. அவையும் கம்பளி உடைகள். கம்பளியைக் கொதிநீரில் இட முடியாது. அடிக்கடி துவைத்தால் சுருங்கிப்போகும். மேலே கட்டும் சணல்நார்த் துணியையோ பருத்தித் துணியையோ காரநீரில் வேகவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் வெளுக்கலாம். அதற்கும் கிணற்றிலிருந்து நீர் சுமக்க வேண்டும். விறகு எரிக்க வேண்டும். சோப்பு வாங்க வேண்டும். இங்கிலாந்தில் சோப்பின் மீது விதித்திருந்த வரி 1853இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே முழு உடையைத் துவைப்பதைத் தள்ளிப்போட, ஒரு முழத் துணியைப் பலியிட்டார்கள் என்றே சொல்லலாம்.

கட்டிய துணி கறையைத் தடுத்ததோடு நின்றுவிடவில்லை. சூடான பாத்திரத்தை இறக்கப் பிடிதுணி. கோழிக் கூட்டிலிருந்து முட்டை கொண்டுவர மடி. விறகுச் சுள்ளி பொறுக்கக் கூடை. அழும் பிள்ளையின் முகம் துடைக்கக் கைக்குட்டை. நம் தாய்மார் முந்தானையால் செய்த அத்தனை பணிகளையும் அந்நாட்டுப் பெண்கள் முன்துணியால் செய்தனர்.

ஆனால் அதே துணி தகுதியையும் அளந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வச் சீமாட்டிகள் பட்டிலும் சரிகைப் பின்னலிலும் அலங்கார முன்துணிகளை அணிந்து விருந்துகளுக்குச் சென்றனர். பாத் நகரின் விருந்து மண்டபங்களில் ஒழுங்குமுறை வகுத்து வந்த பியூ நாஷ் என்பவருக்கு இது பிடிக்கவில்லை. குவீன்ஸ்பெரிச் சீமாட்டி வெண்ணிற முன்துணியுடன் வந்தபொழுது அதனை உருவிப் பணிப்பெண்கள் இருந்த பக்கம் எறிந்து, இது வேலைக்காரிகள் அணிவது என்று அவர் சொன்னதாக ஆலிவர் கோல்டுஸ்மித் 1762இல் வெளியிட்ட அவருடைய வரலாற்றில் எழுதியுள்ளார். சீமாட்டிக்கு அது ஒரு விளையாட்டு, சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். அந்த மூலையில் நின்ற பணிப்பெண்கள் என்ன எண்ணினார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

நம் கரையிலிருந்து சென்ற துணி

இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி உலகச் சந்தைகளில் விரும்பி வாங்கப்பட்டது. டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும், ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் பெற்றதும் பெரும்பாலும் இத்துணியின் பொருட்டே. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து நம் மரக்காயர் வணிகர்களும் மலாய்த் தீவுகளுக்குத் துணி ஏற்றினர். கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் 'காயின் பெலிகாட்' என்கின்றனர். பெலிகாட் என்பது பழவேற்காட்டின் பெயரே. பின்னாளில் உலகெங்கும் அடுக்களை முன்துணிக்கு உகந்ததாகக் கருதப்பட்ட கட்டத் துணியான கிங்கமும் 'கெங்காங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து பெயர் பெற்றதாக அகராதிகள் கூறுகின்றன.

காலிக்கோ என்று கோழிக்கோட்டின் பெயரால் வழங்கிய இந்தியப் பருத்தி, இலண்டனில் சீமாட்டியையும் பணிப்பெண்ணையும் ஒருங்கே கவர்ந்தது. விலை மலிவு, எளிதில் துவைக்கலாம், சாயம் போகாது. அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். 1719இல் காலிக்கோ உடுத்திச் சென்ற பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தனர். அமிலம் வீசியதும் உண்டு. அச்சிட்ட காலிக்கோவை அணிவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்து 1721இல் சட்டமே பிறந்தது. 1774இல் அத்தடை தளர்ந்தது. அதுவும் இங்கிலாந்திலேயே நெய்த பருத்தியின் நலன் கருதியே. அதற்குப் பிந்தைய நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைத் துணி நம் தறிகளை ஒடுக்கியதை நாம் அறிவோம். ஒரு பெண் இடுப்பில் எதைக் கட்ட வேண்டும் என்பதில் இரு கண்டங்களின் நெசவாளருடைய சோறு அடங்கியிருந்தது.

பணிப்பெண்ணின் பெட்டி

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் முன்துணி முழுமையாகப் பணிப்பெண்ணின் சீருடையாயிற்று. 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையில் இருந்தனர். காலையில் அச்சடித்த பருத்தி உடை. தரை தேய்க்க மேலே முரட்டுச் சாக்குத் துணி. பிற்பகலில் விருந்தினர் வரும் வேளை கறுப்பு உடை; மேலே கஞ்சி போட்டு மொடமொடவென்றிருக்கும் வெள்ளை முன்துணி. ஒரே பெண், காலையில் கண்ணில் படக்கூடாதவள், மாலையில் வீட்டின் செல்வத்தைக் காட்டும் காட்சிப் பொருள்.

இந்த உடைகளைப் பெரும்பாலும் அவளே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முதன்முதலாக வேலைக்குப் போகும் சிறுமிக்கு உடைகளும் முன்துணிகளும் அடங்கிய பெட்டி ஒன்று வேண்டும். அதற்குக் காசு சேர்க்கத் தாய் மாதக்கணக்கில் பாடுபட்டாள். 1862இல் வந்த கல்வி விதிகள் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சிறுமியருக்குத் தையலைக் கட்டாயமாக்கின. ஓரம் மடித்து அடிக்கவும், சுருக்கு வைத்துப் பட்டியில் பொருத்தவும் கற்ற அந்தச் சிறு விரல்கள், தாம் அணியப்போகும் ஏவல் உடையைத் தாமே தைத்துக்கொண்டன.

கப்போகியும் மாவுச் சாக்கும்

கிழக்கே ஜப்பானில் இக்கதை வேறு உருவெடுத்தது. கிமோனோவின் அகன்ற கைகள் சமையலுக்கு இடையூறு. தோக்கியோவின் அக்காபோரி சமையற் பள்ளியில் 1902ஆம் ஆண்டளவில், கைகளையும் மார்பையும் முழங்கால் வரை மூடி முதுகில் முடிச்சிடும் வெள்ளை மேலுடை ஒன்றை வகுத்தனர். அதற்குக் கப்போகி என்று பெயர். 1932இல் ஓசாக்காவில் தோன்றிய தேசியப் பாதுகாப்பு மகளிர் சங்கம் அதையே தன் சீருடையாக ஏற்றது. உள்ளே பட்டுக் கிமோனோவா பழந்துணியா என்பது வெளியே தெரியாது. செல்வரும் வறியரும் ஒன்றாகத் தோன்றினர். சமத்துவம் என்று எண்ணி மகிழ்ந்த அப்பெண்கள், போர்முனைக்குப் புறப்படும் இளைஞர்களுக்குத் தேநீர் அளித்து வழியனுப்பினர். 1942இல் அச்சங்கம் அரசின் ஒரே பெரும் மகளிர் அமைப்புக்குள் கரைக்கப்பட்டது. ஸஹ்ஹாக்கிடமிருந்து மகனை மீட்க உயர்ந்தது காவேயின் துணி. மகன்களைப் போருக்கு அனுப்பி வைக்கக் கட்டப்பட்டது இந்தத் துணி. துணியின்மேல் பிழையில்லை, அதனை ஏந்த வைத்த கை எது என்பதே கேள்வி.

முதல் உலகப் போரின்போது பட்டினியில் வாடிய பெல்ஜிய மக்களுக்கு அமெரிக்காவிலிருந்து பருத்திச் சாக்குகளில் மாவு வந்தது. வெறுஞ்சாக்குகளில் பெல்ஜியப் பெண்கள் பூவேலை செய்து, நன்றியாகத் திருப்பி அனுப்பினர். 1929இல் பொருளாதாரம் சரிந்தபொழுது அமெரிக்கக் கிராமத்துப் பெண்களும் மாவுச் சாக்கையும் தீவனச் சாக்கையும் துவைத்து உடை தைத்தனர். ஒரு சாக்கைப் பிரித்தால் ஒரு முன்துணி. இதனை அறிந்த ஆலைக்காரர்கள் சாக்குகளில் பூக்களும் கட்டங்களும் அச்சிட்டு விற்றனர். வறுமையையும் வாணிபமாக்கும் திறமை அவர்களுக்கு இருந்தது. வறுமையிலும் அழகைத் தேடும் உள்ளம் அப்பெண்களுக்கு இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் துவைக்கும் எந்திரம் பரவியது; முன்துணியின் தேவை குறைந்தது. 1950களின் விளம்பரங்களில் அது சரிகை வைத்த அலங்காரமாகச் சிரித்தது. இல்லமே பெண்ணுக்கு எல்லாம் என்ற எண்ணத்தைப் பெட்டி ஃபிரீடன் 1963இல் தம் நூலில் கேள்விக்குள்ளாக்கிய காலத்தில், பலர் அதனைத் தளையின் சின்னமாகக் கண்டு அவிழ்த்தெறிந்தனர்.

நம் அடுக்களையில்

நம் பெண்கள் முன்துணி அணிந்ததில்லை; முந்தானையே அவர்களுக்கு யாவும் ஆயிற்று. அதில் ஓர் ஆபத்து உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. தொங்கும் முந்தானையும் துப்பட்டாவும் அடுப்பின் தீயை எட்டும். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்குகின்றன. பருத்தி உருகி ஒட்டாது. ஆயினும் அதுவும் தீப்பற்றும் என்பதால் தொங்கவிடாமல் கட்டுவதே பாதுகாப்பு. முந்தானையை உள்ளே அடக்கி, மேலே நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தித் துணி ஒன்றை மார்பு முதல் முழங்கால் வரை கட்டிக்கொள்வது கறைக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல். ஒரு கஜம் துணி போதும். நைந்து போகாத பழைய கைலியும் உதவும். மேலே மார்புத்துண்டு, பக்கத்தில் ஒரு பை, பின்னால் இழுத்தால் உடனே அவிழும் நாடா முடிச்சு. தையல் பழகும் சிறுமி ஒரு மாலையில் தைத்துவிடலாம், சிறுவனும் தைக்கலாம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்றை நம் வீடுகளில் அடிக்கடி எடுத்துரைப்பர். திரிகை சுற்றிக் கை காய்த்ததையும், தண்ணீர்த் துருத்தி சுமந்து மேனியில் தழும்பு பட்டதையும் சொல்பவர்கள், வீடு பெருக்கியும் அடுப்பு மூட்டியும் அவர்களுடைய ஆடை அழுக்கேறியதையும் அந்த அறிவிப்பு குறிப்பிடுவதைக் கவனிப்பதில்லை. ஓர் இல்லத்தரசியின் ஆடையில் படிந்த கரியும் பதிவு செய்யத் தக்க செய்தியாக அங்கே கருதப்பட்டது. பியூ நாஷின் மண்டபத்தில் பணிப்பெண்களுக்குக் கிட்டாத இடம் அது.

இன்று நம்முடைய பல வீடுகளில் வேறொருவர் வந்து பாத்திரம் தேய்க்கிறார். நம் ஊர்ப் பெண்கள் சிலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளின் அடுக்களைகளில் நிற்கின்றனர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கையின் வாயிலாக வீட்டுப் பணியாளருக்கும் ஏனைய தொழிலாளரைப் போன்ற உரிமைகள் உண்டு என்று அறிவித்தது. நம் வீட்டில் வேலை செய்பவருக்குச் சம்பளத்தோடு ஒரு நல்ல முன்துணியும், அதனைக் கட்டியபடியே நம்மோடு அமர்ந்து தேநீர் அருந்தும் இடமும் கொடுத்தால், அந்த அறிவிப்பில் ஒரு சிறு பகுதியாவது நம் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததாகும்.

அடுத்த பெருநாளன்று தொழுகை முடிந்து திரும்பும் ஆண்கள், சட்டைக்கு மேல் ஒரு முன்துணியைக் கட்டிக்கொண்டு தேக்சாவை இறக்கட்டும். பந்தி பரிமாறட்டும், எச்சில் தட்டுகளையும் எடுக்கட்டும். அன்று நம் வீட்டுத் தாய்மார் லுஹருக்கு முன்னரே புதுச்சேலை உடுத்தி முன்கூடத்தில் அமர்ந்திருப்பதை நாம் காண வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு நாம் அளிக்கக்கூடிய விடை அதுதான்.